குருவானவர் வராத நாட்கள்: தீவக வாழ்வில் திருவருட்சாதனங்கள்

1760ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் திருச்சபையின் ஏடுகளில் 182,226 சுதேசிகள் கிறிஸ்தவர்களாகப் பதியப்பட்டிருந்தார்கள். அவர்களுள் திருச்சபையின் முழு உறுப்பினராக இராப்போசனப் பந்திக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் 64 பேர். எமர்சன் ரெனன்ற் இலங்கையில் கிறிஸ்தவம் பற்றி 1850இல் வெளியிட்ட நூலில் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தண்ணீர் வார்க்கப்பட்டவர் ஒன்றேமுக்கால் இலட்சத்துக்கும் மேல். பந்தியில் இருந்தவர் நூறுக்கும் கீழ். பதிவு இல்லாவிட்டால் காணிக்கும் முதுசத்துக்கும் உத்தியோகத்துக்கும் வழியில்லை என்ற நிலையில் மக்கள் பெயர் கொடுத்தார்கள்; பெயரோடு நின்றுகொண்டார்கள்.

அதே ஏடுகளில் கத்தோலிக்கர்களின் பெயர்களும் இருந்தன. அவர்களும் சட்டத்துக்காக ஒல்லாந்தப் போதகரிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான். ஆனால் கோவாவிலிருந்து ஒளித்து வந்த ஒரு குருவானவர் எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறார் என்று காதில் விழுந்தால், இரவோடு இரவாக நடந்து போய்க் கும்பசாரம் செய்து, பூசை கண்டு, நன்மை எடுத்து, விடியுமுன் திரும்பினார்கள். ஒரே சடங்கு ஒரு கூட்டத்துக்கு வெறும் பதிவாகவும், இன்னொரு கூட்டத்துக்கு உயிரைப் பணயம் வைத்துத் தேடும் பொருளாகவும் இருந்தது எப்படி? திருவருட்சாதனங்கள் கத்தோலிக்க வாழ்வில் என்ன பொருள் தருகின்றன என்ற பெரிய கேள்வியை யாழ்ப்பாணத் தீவகத்தில் வைத்துப் பார்க்க இதுவே நல்ல வாசல்.

ஏழு என்று கத்தோலிக்கர் எண்ணுகிறோம்: திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம். 12ஆம் நூற்றாண்டில் பீற்றர் லொம்பார்டின் நூல் வழியே நிலைபெற்ற இந்த எண்ணிக்கையைத் திரெந்துப் பொதுச்சங்கம் 1547 மார்ச்சில் விசுவாசப் போதனையாக வரையறுத்தது. தீவகத்து மூத்தவர்கள் வாயில் திருமுழுக்கு ஞானஸ்நானம் என்றும், நற்கருணை நன்மை என்றும், ஒப்புரவு கும்பசாரம் என்றும், நோயில்பூசுதல் அவஸ்தைபூசுதல் என்றுமே வரும். நானும் இரண்டு வகையிலும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

மறைக்கல்வி வகுப்பில் ஏழையும் மனப்பாடம் செய்யும் பிள்ளை ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடும். இவை எல்லாமே உடம்பைத் தொடுகின்றன. தண்ணீர், எண்ணெய், அப்பம், இரசம், தலைமேல் வைக்கும் கை, எதிரே இருந்து கேட்கும் காது. நினைத்த மாத்திரத்தில் நடப்பது எதுவும் இல்லை, ஆள் வரவேண்டும். ஊர்காவற்துறை, நெடுந்தீவு, எழுவைதீவு, அனலைதீவு, புங்குடுதீவு, மண்டைதீவு என்று சிதறிக் கிடக்கும் தீவகத்தில் இந்த “ஆள் வருதல்” ஒருபோதும் இலகுவாக இருந்ததில்லை. முதலில் சட்டம் தடுத்தது. கடல் எப்போதும் தடுத்தது. பிறகு போர் தடுத்தது. மறிபட்ட அந்த நாட்களில் மக்கள் எதைத் தாங்களே செய்தார்கள், எதற்காகக் காத்திருந்தார்கள், எதை இழந்து தவித்தார்கள் என்று பார்த்தால் ஏழு சாதனங்களும் தங்கள் உள்ளமைப்பைக் காட்டிவிடுகின்றன. திருச்சபை தன் மக்களின் கையில் கொடுத்து வைத்திருப்பது நாம் இன்று நினைப்பதைவிட அதிகம் என்பதே என் வாதம். நம் முன்னோர் அதை அறிந்து நடந்தார்கள். குருமார் தாராளமாகக் கிடைத்த பிற்காலத்தில் நாம் அதை மறந்துபோனோம்.

ஏடும் இரவுப் பூசையும்

தொடக்கம் அவ்வளவு தூய்மையானது என்று சொல்ல முடியாது. 1544இல் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற கொஞ்சக் காலத்திலேயே யாழ்ப்பாண அரசனின் படையால் வெட்டுண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெற்றது இரத்தத் திருமுழுக்கும்தான். ஆனால் 1619இல் பிலிப்பே தெ ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு பிரான்சிஸ்கன், யேசுசபைக் குருமார் நடத்திய கூட்டம் கூட்டமான ஞானஸ்நானங்களில் விசுவாசமும் இருந்தது, அச்சமும் இருந்தது, அரச தயவும் இருந்தது. எந்த அளவில் எது என்று இன்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. போர்த்துக்கேயர் கோயில்பற்றுகளாக வகுத்த ஊர்களில் தீவகமும் அடங்கியது. 1658இல் ஒல்லாந்தர் வந்ததும் அந்தக் கோயில்கள் அப்படியே சீர்திருத்தச் சபையிடம் போயின. போதகர் பிலிப்பஸ் பல்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் குடாநாட்டுக் கோயில்களோடு தீவகக் கோயில்களையும் சேர்த்தே விவரிக்கிறார். 1663இல் யாழ்ப்பாணப் பகுதிக் கிறிஸ்தவர் 60,000க்கும் மேல் என்று அவர் கணக்குச் சொல்கிறார். அந்தத் தொகையின் பெரும்பகுதி, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கத்தோலிக்கராக எண்ணப்பட்டவர்களே.

1658ஆம் ஆண்டுக் கட்டளை ஒன்று கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்பகுதியில் குரு இல்லை. 1687இல் தூத்துக்குடிப் பக்கமிருந்து கூலியாள் கோலத்தில் வந்த கோவாக் குரு யோசேவ் வாஸ் யாழ்ப்பாணத்தில் நோயும் பசியுமாகத் திரிந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு பிச்சைக்காரராக வீடு வீடாகப் போய், அதைக் கண்டு முகம் மாறுகிறவர் யார் என்று பார்த்துப் பார்த்தே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்பது அவருடைய வரலாறு சொல்லும் செய்தி. சில்லாலையை நிலையாகக் கொண்டு இரவுகளில் திருவருட்சாதனங்களை நிறைவேற்றினார். 1689 நத்தார் இரவில் பூசைக்குக் கூடியவர்கள் பிடிபட்டுத் தண்டனை பெற்றார்கள். பின்பு அவர் புத்தளத்துக்கும் கண்டிக்கும் போய் 1711 சனவரி 16இல் இறந்தார். 2015 சனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாஸ் அடிகளின் துணிவைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அவர் வருமுன் போன முப்பது ஆண்டுகளைப் பற்றி எழுதியது குறைவு. அவர் கதவைத் தட்டியபோது உள்ளே கத்தோலிக்கர் இருந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி. அவர்களைக் காத்தது வீட்டுச் செபமும், தாய்மார் சொல்லிக்கொடுத்த மந்திரங்களும், அவசரத்துக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட ஞானஸ்நானமும். பின்னாளில் வாஸ் அடிகளின் சபையினரான ஒறற்றோரியன் குருமார் ஒவ்வோர் ஊரிலும் மூப்பரையும் அண்ணாவியையும் ஏற்படுத்தி இந்த வழக்கத்துக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார்கள். குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருவார். மீதி நாட்களில் செபத்தை நடத்துவதும், பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும், சாகக்கிடப்பவரைத் தேற்றுவதும், இறந்தவரைச் சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்குவதும் இவர்கள் பொறுப்பு. 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவசுகாலத்தில் ஊர்கூடிப் படிக்கும் நூலாகியதும் இதே ஏற்பாட்டின் ஒரு பகுதி. குரு இல்லாமலே ஊர் துக்கம் கொண்டாடக்கூடிய ஒரு வழி அது. இதையெல்லாம் “வெறும் பக்தி முயற்சி, திருவருட்சாதனம் ஆகாது” என்று தள்ளும் இறையியல் மாணவரை நான் கண்டிருக்கிறேன். வரையறைப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் நன்மைக்கான பசியை நூற்றாண்டுக் கணக்கில் அணையாமல் காத்தது இந்தப் பக்திதான்.

ஒல்லாந்தப் போதகர் வார்த்த தண்ணீர் ஞானஸ்நானம்தானா என்ற கேள்வி அக்காலக் கத்தோலிக்கருக்கு ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. விடை மூன்றாம் நூற்றாண்டிலேயே தேடப்பட்டது. பிரிந்துபோனவர்கள் கொடுத்த திருமுழுக்கு செல்லாது, திரும்பிக் கொடுக்கவேண்டும் என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான். செல்லும் என்றார் உரோமை ஆயர் ஸ்தேவான். திருச்சபை ஸ்தேவானின் பக்கம் போயிற்று. திரெந்து அதையே உறுதிசெய்தது. தண்ணீர், மூவொரு இறைவன் பெயர், திருச்சபை கருதுவதைச் செய்யும் எண்ணம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். அதே சிப்பிரியானுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 250இல் உரோமைப் பேரரசன் தேசியு கிறிஸ்தவரைத் துன்புறுத்திய காலத்தில் பலர் பலி செலுத்தியதாகச் சான்றிதழ் வாங்கி உயிர் தப்பினார்கள். அவர்களைத் திரும்ப ஏற்கலாமா? உரிய தவத்துக்குப் பின் ஏற்கலாம், மரணப் படுக்கையில் இருந்தால் காத்திருக்க வைக்கத் தேவையில்லை என்பது கார்த்தேஜ் எடுத்த முடிவு. முதுசத்துக்காக ஒல்லாந்த ஏட்டில் பெயர் எழுதிய நம் ஊரவரின் நிலைக்கு வரலாற்றில் இதைவிட நெருங்கிய ஒப்பு இல்லை. சிப்பிரியான் காலத்துக் கார்த்தேஜ் குருகுலத்தை உரோமையில் தன் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தவர் தனிநாயகம் அடிகள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1913இல் ஊர்காவற்துறை கரம்பனில் பிறந்து, நெடுந்தீவு முன்னோர் ஒருவரின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்ட தீவகத்தான் அவர்.

தண்ணீரும் தாலியும்

உயிராபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆண், பெண், கத்தோலிக்கர், சைவர், யாராக இருந்தாலும் சரி. திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் மட்டும் வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 861ஆம் இலக்கம் இதைச் சொல்கிறது. கொள்கை அதைவிட ஆயிரம் ஆண்டு பழையது. மருத்துவிச்சிமாருக்கு இதைப் படிப்பித்து வைப்பது கத்தோலிக்க ஊர்களின் பழைய வழக்கம். ஏழிலும் முதலாவதும் மீட்புக்கு மிக அவசியமானதுமான ஒன்றைத் திருச்சபை பூட்டி வைக்காமல் விட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, சோளகக் காற்றில் வள்ளம் விடமுடியாத ஒரு கரையில் வாழ்கிறவர்கள்தான் முழுதாக உணர்வார்கள்.

திருமணமும் அப்படியே. மணமக்களே ஒருவருக்கொருவர் அதை வழங்குகிறார்கள் என்பது இலத்தீன் திருச்சபையின் போதனை. குரு திருச்சபையின் பெயரால் சாட்சியாக நிற்கிறார். 1563இல் திரெந்துச் சங்கம் குருவும் சாட்சிகளும் முன்னிற்காத திருமணம் செல்லாது என்று சட்டம் செய்தது, கள்ளத் திருமணங்களை நிறுத்துவதற்காக. ஆனால் குரு ஒரு மாதத்துக்குக் கிடைக்கமாட்டார் என்று தெரிந்தால் இரண்டு சாட்சிகள் முன் மணம் முடிக்கலாம். அது முழுமையான திருவருட்சாதனம் என்று இன்றைய 1116ஆம் இலக்கம் சொல்கிறது. ஒல்லாந்தர் காலத்துத் தீவகத்தான் இரண்டு பக்கமும் நெரிபட்டான். போதகர் முன் பதிந்தால்தான் பிள்ளைகளுக்கு உரிமை; குருவானவர் முன் சொன்னால்தான் மனச்சாட்சிக்கு அமைதி. பிரித்தானியர் வந்த பின் 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் விதித்த ஒழுங்குவிதி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கி, கத்தோலிக்க முறைப்படி நடந்த திருமணங்களையும் சட்டப்படி ஏற்றது. வழிபாட்டு உரிமை கிடைத்த ஆண்டு என்றே அதை நினைவுகூர்கிறோம். வீட்டுக்கு வீடு அதன் பெரிய பலன், பிள்ளைகளின் பிறப்புக்குக் கிடைத்த சட்ட மரியாதை.

இன்றைய தீவகத்தில் திருமணத்தைச் சுற்றியிருக்கும் சிக்கல் வேறு. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, கூறை உடுத்தி, சிலுவையோ புறாவோ பதித்த தாலி கட்டி நடக்கும் கலியாணத்தில், ஒருபக்கம் சைவக் குடும்பமாக இருப்பது இப்போது புதுமையல்ல. அப்படி இருந்தால் கலியாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கையில் பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறார்கள். திருச்சபை இதைக் கேட்கவில்லை. 1086ஆம் இலக்கத்தின்படி ஆயரிடம் விலக்குப் பெற்றால் திருமுழுக்குப் பெறாதவரோடு செல்லத்தக்க திருமணம் செய்யலாம். அது திருவருட்சாதனமாக ஆகாவிட்டாலும் உண்மையான, மதிக்கவேண்டிய திருமணம். மண்டபம் புக் பண்ணிய தேதிக்கு முன் முடிக்கவேண்டும் என்று தண்ணீர் வார்ப்பது, ஒல்லாந்தர் செய்த அதே காரியத்தை நாம் திரும்பச் செய்வது. 182,226இல் இன்னொரு எண் கூடுகிறது, அவ்வளவே. விசுவாசம் வந்தபின் ஞானஸ்நானம் வரட்டும். அதுவரை விலக்கு போதும் என்று துணிந்து சொல்லும் பங்குத்தந்தையர் இன்னும் கூடுதலாக வேண்டும்.

பந்தியும் வலையும்

நற்கருணையில் கதை மாறுகிறது. இங்கே மாற்று வழி கிடையாது. குரு இல்லையேல் பூசை இல்லை. இதற்குக் கொரியா தெளிவான சாட்சி. 1784இல் ஈ சூங்-ஹூன் பெய்ஜிங்கில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய பிறகு, அந்தச் சிறு சபை தங்களுக்குள்ளேயே சிலரைக் குருக்களாக வைத்துப் பூசையும் நடத்தியது. அது செல்லாது என்று தெரிந்த உடனே நிறுத்திவிட்டு, குரு வேண்டும் என்று கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். 1794இல் சூ வென்மோ என்ற சீனக் குரு வந்து சேர்ந்தார். யப்பானில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் குரு இல்லாமல் ஒளிந்திருந்தவர்கள் ஞானஸ்நானத்தைக் காத்துவந்து 1865 மார்ச்சில் நாகசாகியில் பெத்திழான் அடிகள் முன் வெளிப்பட்டார்கள். தண்ணீர் வழியே சபை பிழைக்கும். ஆனால் அப்பத்துக்காக ஏங்கிக்கொண்டே பிழைக்கும். 2019ஆம் ஆண்டு அமேசன் ஆயர் மாமன்றத்தில் மாதக்கணக்கில் பூசை காணாத ஆற்றங்கரைச் சமூகங்கள் எழுப்பியதும் இதே ஏக்கத்தைத்தான்.

1847இல் அமலமரித் தியாகிகள் இலங்கை வந்ததும், செமேரியா, பொஞ்சீன் ஆகிய ஆயர்களின் காலத்தில் பங்குகள் பெருகியதும், 1910இல் பத்தாம் பத்திநாதர் ஏழு வயதளவிலேயே புதுநன்மை கொடுக்கலாம் என்று பணித்ததும் சேர்ந்து, அடிக்கடி நன்மை எடுப்பது தீவக வாழ்வின் இயல்பாயிற்று. பசி தீர்ந்தது. வேறொரு குறை வெளியே தெரியத் தொடங்கியது. ஒரே பந்தியில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் யார்? ஒரே ஊரில் சாதிக்கொரு கோயிலும், கோயிலுக்குள் சாதிக்கொரு இடமும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கம் நெடுங்காலம் சுமந்துவந்த அவமானம். சேமக்காலையிலும் கோடு போட்டோம். பவுலடியார் கொரிந்து சபையைக் கண்டித்தது இதைவிடச் சின்னக் குற்றத்துக்காக: பணக்காரர் முந்திச் சாப்பிட்டு ஏழைகளைப் பசியோடு விட்டதற்காக. நன்மையின் பொருளைக் கேட்கிற எந்த ஆய்வும் யாழ்ப்பாணத்தில் இந்த இடத்தைச் சுற்றிப் போகக்கூடாது.

கச்சதீவில் இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒருமுறை கடல் கடந்து கூடுகிறது. நெடுந்தீவுப் பங்கின் பொறுப்பிலுள்ள அந்தோனியார் கோயில் அங்கே இருக்கிறது. தீவில் குடியிருப்பு இல்லை, குடிதண்ணீர் இல்லை. தவசுகாலத்தை ஒட்டிய திருவிழாவுக்கு இராமேஸ்வரத்திலிருந்து வேர்க்கோட்டுப் பங்கு மக்களும் இங்கேயிருந்து தீவகத்தாரும் குடாநாட்டாரும் போய்ச் சேருகிறார்கள். 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு இந்திய யாத்திரிகர் பயணப் பத்திரமோ விசாவோ இன்றி வரும் உரிமையைக் காத்திருக்கிறது. போரில் தடைப்பட்ட விழா மீண்டது; 2016 திசெம்பரில் புதிய கோயிலும் திறக்கப்பட்டது. கொடியேற்றம், சிலுவைப்பாதை, சுருவம் சுற்றிவருதல், இரவெல்லாம் கும்பசாரம், விடியப் பூசை. வருகிறவர்களில் பெரும்பாலோர் கடற்றொழிலாளர்.

இரண்டு கரைக்காரரும் ஒரே மொழியில் ஒரே நன்மை எடுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் நெகிழ்ந்து எழுதுகின்றன. நெகிழ்ச்சி நியாயமானது. ஆனால் மற்ற இரவுகளில் அதே கடலில் தமிழகத்து இழுவைப்படகுகள் நெடுந்தீவுத் தொழிலாளியின் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. அவன் கடனில் வாங்கிய வலை அது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தும் பிணக்குத் தீரவில்லை. இந்தப் பக்கக் கடற்படையால் பிடிபட்டும் அடிபட்டும் உயிரிழந்தும் போன இராமேஸ்வரத்துக் கூலித் தொழிலாளரின் துயரமும் பொய்யல்ல. கும்பசாரத்தில் களவு சொன்னவனுக்குக் குரு சொல்லவேண்டியது பாவமன்னிப்பு மட்டுமல்ல. எடுத்ததைத் திருப்பிக்கொடு, சேதத்துக்கு ஈடுசெய் என்பது கத்தோலிக்க ஒழுக்க இயலின் மாறாத விதி. கச்சதீவின் கும்பசாரத் தொட்டியில் அறுந்த வலை ஒரு பாவமாகச் சொல்லப்படுகிறதா, ஈடு கேட்கப்படுகிறதா? முக்கியமாக, படகு உடைமையாளர் அந்தத் தொட்டிக்கு வருகிறாரா? மனங்கள் உண்மையில் ஒப்புரவாக வேறு எந்த மேசையிலும் இத்தனை பேர் ஒன்றாய்க் கூடுவதில்லை. இரண்டு மறைமாவட்டங்களும் அந்த இரவைப் பக்தியோடு மட்டும் விட்டுவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

காணாமற் போனவர்கள்

1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகில் 30க்கும் மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். 1990இல் படையினர் தீவகத்தைப் பிடித்தபோது பெரும்பாலானோர் பண்ணை கடந்து குடாநாட்டுக்கும், அங்கிருந்து பரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் சூரிச்சுக்கும் போனார்கள். 2006 ஆகத்து 13இல் அல்லைப்பிட்டியில் புனித பிலிப்பு நேரியார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது எறிகணை விழுந்து பலர் மாண்டார்கள். அங்கே பங்குத்தந்தையாக இருந்த திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகள் காயப்பட்டோரையும் எஞ்சியோரையும் ஊர்காவற்துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க உழைத்தார். ஏழு நாள் கழித்து, ஆகத்து 20இல், உதவிக்கு வந்த ஒருவரோடு அல்லைப்பிட்டிக்குப் போனவர் திரும்பவில்லை. குருத்துவம் என்ற திருவருட்சாதனத்தைப் பற்றித் தீவகம் சொல்லக்கூடியதில் பெரும்பகுதி அந்த ஒரு வாரத்துக்குள் இருக்கிறது. போகவேண்டாம் என்று தடுக்க ஆயிரம் காரணம் இருந்த இடத்துக்கு ஆள் போனார்.

காணாமற் போனவர்களைப் பற்றித் திருவருட்சாதன இயல் நூல்கள் பேசுவது அரிது. வடக்கில் அவர்கள் இல்லாத பங்கு அரிது. உடல் இல்லாததால் அடக்கம் இல்லை. முப்பத்தோராம் நாள் பூசையை எந்த நாளிலிருந்து எண்ணுவது? உயிரோடிருப்பவருக்கான கருத்தா, இறந்தவருக்கான கருத்தா என்று கேட்காமலே பல குருமார் பெயரை வாசிக்கிறார்கள்; அது சரியான இரக்கம். இன்னும் கடினமானது மனைவியரின் நிலை. கணவன் இறந்தான் என்று நிறுவும்வரை திருமணப் பந்தம் நிற்கிறது. 1707ஆம் இலக்கத்தின்படி, ஆயர் விசாரித்து மரணத்தை உண்மையெனக் கொள்ளத்தக்கது என்று அறிவிக்கலாம். ஆனால் ஆள் நெடுங்காலம் இல்லை என்ற ஒன்று மட்டும் அதற்குப் போதாது. அரசு 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றை ஏற்படுத்தியது; மரணச் சான்றிதழை வாங்க மனம் ஒப்பாத பெண்களுக்கு அது ஓரளவு துணை. திருச்சபையின் நடைமுறையில் அப்படி ஒரு நடுநிலை கிடையாது. நம்பிக்கையை விடவும் முடியாமல், தனியே பிள்ளைகளை வளர்க்கவும் முடியாமல் நிற்கும் பெண்ணிடம் “மரணத்தை நீயே நிரூபி” என்று ஒரு மறைமாவட்ட நீதிமன்றம் சொல்லலாகாது. சாட்சி தேடும் பாரத்தை அலுவலகம் சுமக்கட்டும். அவளுக்கு நேரம் கொடுக்கட்டும்.

இடப்பெயர்வு பதிவேடுகளையும் தொட்டது. ஞானஸ்நானம் நடந்த பங்கின் ஏட்டிலேயே உறுதிபூசுதலும் திருமணமும் ஓரத்தில் குறிக்கப்படவேண்டும் என்பது விதி. ஆகவே ரொறன்ரோவில் கலியாணம் செய்யும் பிள்ளைக்கும் தீவகத்து அறைவீட்டிலிருந்து பத்திரம் போகவேண்டும். ஏடு அழிந்திருந்தால்? நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சியின் சொல் போதும். வளர்ந்த வயதில் பெற்றிருந்தால் தன் சத்தியமே போதும் என்கிறது 876ஆம் இலக்கம். ஞானத்தாய் உயிரோடிருந்தால் அவள் வாய்ச்சொல் ஏட்டுக்குச் சமம். ஒல்லாந்தர் ஏடு மட்டுமே கிறிஸ்தவனை உண்டாக்கியது. இங்கே ஏடு போனாலும் கிறிஸ்தவன் மிஞ்சுகிறான்.

சாவுப் படுக்கை

நயினாதீவில் பெரும்பாலோர் நாகபூசணி அம்மனின் அடியார்கள், கத்தோலிக்கர் சிலரே. எழுவைதீவு போன்ற சிறு தீவுகளுக்குக் குரு வந்து போகிறார். நெடுந்தீவில் பங்குத்தந்தை இருக்கிறார். ஆனால் யாழ்ப்பாணம் போன நாளில் கடல் எழும்பினால் அவராலும் திரும்ப முடியாது. அந்த இரவில் ஒரு முதியவர் சாகக் கிடந்தால் வீட்டார் படும் கலக்கம் பெரிது: “அவஸ்தை பூசாமல் போய்விடுவாரே.”

இந்தக் கலக்கத்தில் பாதி தேவையற்றது. 1972இல் ஆறாம் சின்னப்பர் சீர்செய்த திருச்சடங்கு நோயில்பூசுதலைக் கடைசி நிமிடத்திலிருந்து பின்னுக்கு நகர்த்தியது. கடும் நோயில் விழுந்தவுடனேயே, முதுமையில் தளர்ந்தவுடனேயே பெறலாம், நோய் கூடினால் திரும்பவும் பெறலாம். ஒலிவ எண்ணெய் கிடையாத இடத்தில் வேறு தாவர எண்ணெயை மந்திரிக்கவும் அந்தச் சீர்திருத்தம் இடம் கொடுத்தது. ஆகவே பங்குத்தந்தை ஊரிலிருக்கும் நல்ல நாளில், கடல் அமைதியாக இருக்கையில், முதியோரைக் கோயிலுக்குக் கூட்டிவந்து பூசுவதே முறை. வீட்டார் அதை வேண்டாம் என்பது, பூசினால் செத்துப்போவார் என்ற பழைய பயத்தால்.

மற்றப் பாதி இன்னும் முக்கியமானது. சாகிறவருக்கான உண்மையான கடைசித் திருவருட்சாதனம் எண்ணெய் அல்ல, நற்கருணை. வழியுணவாகக் கொடுக்கும் நன்மை. எண்ணெய் பூசக் குருவால் மட்டுமே ஆகும். வழியுணவைக் கொண்டுபோய்க் கொடுக்கத் திருநிலை பெறாத ஒருவராலும் ஆகும். 1973 சனவரியில் உரோமை வெளியிட்ட ஏட்டுக்குப் பிறகு ஆயரால் நியமிக்கப்பட்ட எந்த ஆணும் பெண்ணும் இதைச் செய்யலாம். ஞாயிறு பூசையில் கூட்டம் கூடினால் உதவுகிறவர்கள் என்றே இவர்களைப் பெரும்பாலும் நினைக்கிறோம். அவர்களுடைய முதல் இடம் நெடுந்தீவு வீடு ஒன்றின் சாவுப் படுக்கை. பேழையில் அப்பம் இருக்கிறது. திறப்பு யாரிடம் என்பதுதான் கேள்வி.

அந்தத் திறப்பை ஏற்கத் தக்கவரைத் தீவகம் ஒருகாலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது: அண்ணாவியார், மூப்பர். 2021 மே 10இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைப் பொதுநிலையினருக்குரிய நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். நமக்கு அது புதுமையாகத் தோன்றவேண்டியதில்லை. நெடுந்தீவிலும் சிறு தீவுகளிலும் வட்டாரத்துக்கு இருவரைத் தெரிந்து, அவசர ஞானஸ்நானமும் அதைப் பதியும் முறையும், வழியுணவும், குரு இல்லாத அடக்கமும் படிப்பித்து நியமிக்க யாழ்ப்பாண ஆயரின் கையெழுத்தே போதும். திருமணத்துக்குப் பொதுநிலையினரைச் சாட்சியாக வைக்க மட்டும், 1112ஆம் இலக்கத்தின்படி, ஆயர் பேரவையின் இசைவும் உரோமையின் அனுமதியும் கேட்கவேண்டும். அதையும் கேட்டுப் பார்க்கலாம்.